துகள்கள், நிகழ்தகவு, சமச்சீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றையொன்று பாதிக்கும் ஏராளமான துகள்களின் புள்ளியியல் எந்திரவியலைப் படிக்கத் தொடங்குபவர்களும், அதற்கு நிரல் எழுதுபவர்களும் திரும்பத் திரும்ப இடறும் இடங்கள் இவை. பெரும்பாலான விடைகளை ஐசிங் மாதிரியை வைத்தே சொல்லியிருக்கிறோம். அதன் விதி எளிது. கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஸ்பின், அதன் மதிப்பு +1 அல்லது −1. அண்டையிலுள்ள இரண்டு ஸ்பின்கள் ஒத்திருந்தால் அந்த இணைப்பின் ஆற்றல் −1, மாறுபட்டால் +1. வெப்பநிலையை 'வெ' என்றும் அதன் தலைகீழை 'பீ' என்றும் எழுதுகிறோம். போல்ட்ஸ்மன் மாறிலியும் இணைப்பின் வலிமையும் 1. 'எக்ஸ்ப்' என்பது அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை என்றால் இயல் மடக்கை. டான்எச், சைன்எச் என்பவை அதிபரவளையச் சார்புகள் (tanh, sinh), பை என்பது π.

இதில் நிகழ்தகவு எங்கிருந்து வருகிறது?

எல்லா ஸ்பின்களின் மதிப்புகளும் சேர்ந்த ஓர் அமைப்பு ஒரு கோலம். ஒரு கோலத்தின் ஆற்றல் ஆ என்றால் அதன் எடை எக்ஸ்ப்(−பீ × ஆ). எல்லாக் கோலங்களின் எடைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் நிகழ்தகவு. துகள்கள் ஒன்றையொன்று பாதிக்காவிட்டால் எடை தனித்தனிக் காரணிகளாகப் பிரிந்துவிடும்; பெரும் எண்கள் விதியும் மைய எல்லைத் தேற்றமும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இடைவினை வந்தவுடன் மாறிகள் ஒன்றையொன்று சார்ந்தவையாகிவிடுகின்றன. அந்தச் சார்பு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதுதான் இந்தத் துறையின் முதன்மைக் கேள்வி.

சமச்சீர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கோலங்களை மாற்றும், ஆனால் ஆற்றலை மாற்றாத எந்தச் செயலும் சமச்சீர்தான். ஐசிங் மாதிரியில் எல்லா ஸ்பின்களையும் ஒருசேரப் புரட்டினால் ஆற்றல் மாறாது. ஆற்றல் மாறாவிட்டால் நிகழ்தகவும் மாறாது. ஒரு கோலத்தில் ஸ்பின்களின் சராசரியைக் காந்தமாக்கம் என்போம். ஆகவே சராசரிக் காந்தமாக்கம் எந்த வெப்பநிலையிலும் சுழி. இதற்கு ஒரு வரிக்கு மேல் நிறுவல் தேவையில்லை.

சுழற்சி, இடப்பெயர்ச்சி, துகள்களை இடம் மாற்றி வைப்பது ஆகியவையும் இதே வகைதான். கீழே ஒவ்வொன்றும் வரும்.

சராசரி எப்போதும் சுழி என்றால் காந்தம் எப்படி உண்டாகிறது? சமச்சீர் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை. எண்ணற்ற துகள்கள் என்ற எல்லையை அடையாதவரை நிகழ்தகவுப் பரவல் தன் சமச்சீரை அப்படியே வைத்திருக்கிறது. மாறுவது பரவலின் வடிவம். உயர் வெப்பநிலையில் காந்தமாக்கத்தின் பரவலுக்குச் சுழியில் ஒரே முகடு. தாழ் வெப்பநிலையில் +மீ, −மீ என்று இரண்டு முகடுகள், நடுவே ஆழமான பள்ளம்.

அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம்? இரு பரிமாணத்தில் இதைத் துல்லியமாகச் சொல்ல முடியும். + பகுதிக்கும் − பகுதிக்கும் இடையே கட்டத்தின் அச்சுத் திசையில் ஓடும் எல்லைச்சுவரின் விலை, ஓர் அலகு நீளத்துக்கு, 2பீ + மடக்கை(டான்எச் பீ). வெ = 2 என்றால் இது 0.228. சுழல் எல்லை (ஒவ்வொரு விளிம்பும் எதிர் விளிம்போடு இணைவது) கொண்ட சதுரத்தில் ஒரு முகட்டிலிருந்து மற்றதற்குப் போக இரண்டு சுவர்கள் தேவை. ஆகவே பள்ளத்தின் எடை ஏறத்தாழ எக்ஸ்ப்(−2 × 0.228 × பக்கம்). பக்கம் 10 என்றால் இது நூறில் ஒன்று. 32 என்றால் இருபது லட்சத்தில் ஒன்று. 64 என்றால் 5 லட்சம் கோடியில் ஒன்று. (முன்னால் வரும் பெருக்குக் காரணிகளை விட்டுவிட்டோம், பருமனைக் காட்ட இது போதும்.)

வெறும் 64 × 64 கட்டத்திலேயே நிலைமை இப்படி என்றால், 10-இன் 20-ஆம் அடுக்கு அளவில் அணுக்கள் உள்ள இரும்புத் துண்டு ஒரு முகட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகத் தாண்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. கணிதத்தில் இதை எல்லைகளின் வரிசையாகச் சொல்வார்கள். புறப்புலத்தை (வெளியிலிருந்து செலுத்தும் காந்தப்புலம்) முதலில் சுழியாக்கிவிட்டு அதன்பின் துகள்களைப் பெருக்கினால் காந்தமாக்கம் சுழி. துகள்களை முதலில் பெருக்கிவிட்டு அதன்பின் புலத்தை மெல்லச் சுழியாக்கினால் +மீ. இரண்டும் சரியான விடைகளே, கேள்விகள்தான் வேறு. இந்தப் பக்கத்தில் நாம் பேசும் பிழைகளில் பாதி, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் பிறக்கின்றன.

இதை நிகழ்தகவின் மொழியில் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

முடியும். 1972-இல் ஃபோர்ட்டூயின், காஸ்டலைன் இருவரும் தந்த உருமாற்றம்தான் எங்கள் பார்வையில் இந்தத் துறையிலேயே மிகத் தெளிவான சித்திரம்.

ஐசிங் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்த ஸ்பின்களை இணைக்கும் ஒவ்வோர் இணைப்பையும் 1 − எக்ஸ்ப்(−2பீ) என்ற நிகழ்தகவோடு 'திறந்தது' என்று குறியுங்கள். மாறுபட்ட ஸ்பின்களுக்கு இடையே எதுவும் திறப்பதில்லை. திறந்த இணைப்புகளால் சேர்ந்த புள்ளிகள் ஒரு கொத்து. இப்போது ஸ்பின்களை மறந்துவிட்டு, கொத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு நேர்மையான நாணயத்தைச் சுண்டி + அல்லது − கொடுத்தால், கிடைப்பதும் சரியான ஐசிங் பரவல்தான். இரண்டு புள்ளிகளின் ஸ்பின் பெருக்கத்தின் சராசரி, அவை ஒரே கொத்தில் இருக்கும் நிகழ்தகவுக்குச் சமம்.

உயர் வெப்பநிலையில் எல்லாக் கொத்துகளும் சிறியவை. நாணயங்கள் ஏராளம், பெரும் எண்கள் விதிப்படி எல்லாம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. தாழ் வெப்பநிலையில் முழுக் கட்டத்தையும் ஊடுருவும் ஒரு மாபெரும் கொத்து இருக்கிறது, அதற்கும் ஒரே ஒரு நாணயம்தான். அந்த நாணயம் நேர்மையானதே. ஆனால் ஒரே ஒரு முறை சுண்டியதை எதனோடு ஈடுகட்டுவது? சமச்சீர் முறிவு என்று நாம் சொல்வது அந்த ஒற்றைச் சுண்டலைத்தான்.

ஒரு பரிமாணச் சங்கிலியில் ஏன் நிலைமாற்றம் (ஒழுங்கற்ற நிலை காந்தமாக மாறுவது) இல்லை?

லென்ஸ் 1920-இல் முன்வைத்த இந்த மாதிரியை ஐசிங் 1925-இல் ஒரு பரிமாணத்தில் தீர்த்தார். காரணம் ஒரு வரிக் கணக்கு. சங்கிலியில் ஓர் எல்லைச்சுவரைச் செருக ஆற்றல் செலவு 2, சங்கிலி எவ்வளவு நீளமானாலும் அவ்வளவுதான். சுவரை வைக்கக்கூடிய இடங்கள் துகள் எண்ணிக்கை அளவுக்கு உண்டு, ஆகவே என்ட்ரோபி (சாத்தியமான அமைப்புகளின் எண்ணிக்கையின் மடக்கை) தரும் வரவு மடக்கை(எண்ணிக்கை). சங்கிலி போதிய நீளமானால் வரவு செலவை வென்றே தீரும்.

கவனிக்க வேண்டியது 'போதிய நீளம்' என்ற சொல்லை. ஒட்டுறவு நீளம், அதாவது ஒரு ஸ்பின்னின் தாக்கம் எட்டும் தூரம், −1/மடக்கை(டான்எச் பீ). வெ = 1 என்றால் 3.67 புள்ளிகள், பீ = 3 என்றால் ஏறத்தாழ 202, பீ = 5 என்றால் 11,000-க்கு மேல். வெ = 0.2-இல் 100 ஸ்பின் சங்கிலியை ஓட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நிற்பதாகத் தெரியும். 'ஒரு பரிமாணத்திலும் காந்தம் உண்டு' என்று எழுதிவிடுவார். சங்கிலி ஒட்டுறவு நீளத்தைவிடக் குறைந்தது பத்து மடங்காவது நீளமாக இல்லாவிட்டால் முடிவு எதையும் எடுக்கக்கூடாது.

இரு பரிமாணத்தில் மட்டும் ஒழுங்கு நிலைக்கும் என்று எப்படி நம்புவது?

பையர்ல்ஸ் 1936-இல் தந்த வாதம் போதும். அதன் ஓட்டைகளை கிரிஃபித்ஸ் 1964-இலும் டோப்ருஷின் 1965-இலும் தனித்தனியே அடைத்தார்கள். கையாலேயே செய்து பார்க்கலாம்.

கட்டத்தின் விளிம்பு முழுவதையும் + என்று பூட்டுங்கள். நடுவிலுள்ள ஸ்பின் − ஆக இருந்தால், அதைச் சுற்றி + ஐயும் − ஐயும் பிரிக்கும் ஒரு மூடிய வளையம் இருந்தே ஆக வேண்டும். வளையத்தின் நீளம் நீ என்க. வளையத்துக்கு உள்ளே இருக்கும் எல்லா ஸ்பின்களையும் புரட்டினால் அந்தச் சுவர் மறைந்து ஆற்றல் 2 × நீ குறைகிறது. சமச்சீர் இங்கேதான் கைகொடுக்கிறது: உள்ளே எல்லாவற்றையும் புரட்டினாலும் உள் இணைப்புகளின் ஆற்றல் மாறுவதில்லை. எனவே குறிப்பிட்ட ஒரு வளையம் தோன்றும் நிகழ்தகவு எக்ஸ்ப்(−2 × பீ × நீ)-க்கு மேல் போகாது.

அடுத்து, நடுப்புள்ளியைச் சுற்றி நீளம் நீ கொண்ட வளையங்கள் எத்தனை? வளையம் வலப்பக்க அச்சை எங்காவது வெட்ட வேண்டும். அதற்கு அதிகபட்சம் நீ/2 இடங்கள். அங்கிருந்து ஒவ்வோர் அடியிலும் திரும்பிப் போவதைத் தவிர 3 திசைகள். ஆக, எண்ணிக்கை (நீ/2) × 3-இன் (நீ−1)-ஆம் அடுக்குக்குள் அடங்கும்.

நீ = 4, 6, 8 … என்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். வெ = 1 எனில் 3 × எக்ஸ்ப்(−2) = 0.406; தொடர் வேகமாகக் குவிகிறது; கூட்டுத்தொகை 0.024. கட்டம் எவ்வளவு பெரிதானாலும் நடு ஸ்பின் − ஆக இருக்கும் நிகழ்தகவு 2.4 விழுக்காட்டுக்குள்தான். விளிம்பு எல்லையற்ற தொலைவுக்குப் போனபிறகும் நடுவில் இருப்பது அதை மறப்பதில்லை. உண்மை மதிப்பு 0.00036; அதோடு ஒப்பிட்டால் நம் வரம்பு மிகத் தளர்வானது, ஆனால் 1/2-க்குக் கீழே இருந்தாலே போதுமே. ஒரு பரிமாணத்தில் சுவரின் விலை நீளத்தோடு ஏறவில்லை, இங்கே ஏறுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

இரு பரிமாணத்தில் காந்தம் தோன்றத் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை 2.269 எப்படி வருகிறது?

வேறொரு சமச்சீரிலிருந்து. கிராமர்ஸ், வானியர் இருவரும் 1941-இல் சதுரக் கட்டத்தின் உயர் வெப்பநிலை விரிவும் தாழ் வெப்பநிலை விரிவும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் என்று காட்டினார்கள்: சைன்எச்(2பீ) × சைன்எச்(2பீ′) = 1, இங்கே பீ′ என்பது பீ-இன் பிம்பம். நிலைமாற்றம் ஒன்றே ஒன்று என்றால் அது பிம்பமும் தானும் ஒன்றாகும் இடத்தில்தான் இருக்க முடியும். அங்கே சைன்எச்(2பீ) = 1; அதாவது எக்ஸ்ப்(2பீ) = 1 + √2; வெ = 2/மடக்கை(1 + √2) = 2.26919.

ஆன்சாகர் 1944-இல் புறப்புலம் இல்லாத நிலைக்கு முழுத் தீர்வைத் தந்தார். காந்தமாக்கத்துக்கான நிறுவலை யாங் 1952-இல் வெளியிட்டார்: [1 − சைன்எச்(2பீ)-இன் −4-ஆம் அடுக்கு] என்பதன் 1/8-ஆம் அடுக்கு. வெ = 1-இல் 0.9993, 2-இல் 0.911, 2.2-இல் 0.785. அதன்பின் 0.07 அளவு வெப்பநிலை ஏற்றத்துக்குள் செங்குத்தாக விழுந்து சுழியாகிறது. உங்கள் நிரலைச் சோதிக்க இவை நல்ல எண்கள். மாறுநிலைப் புள்ளியில் ஒரு ஸ்பின்னுக்கான ஆற்றல் சரியாக −√2.

முப்பரிமாணத்துக்கு இதுபோன்ற தீர்வு இல்லை. எளிய கனசதுரக் கட்டத்துக்குக் கணினி தரும் மதிப்பு ஏறத்தாழ 4.5115.

எல்லோரும் எல்லோரோடும் இணைந்திருந்தால்?

கியூரி–வைஸ் மாதிரி. இதில் ஸ்பின்களை எப்படி இடம் மாற்றினாலும் நிகழ்தகவு மாறாது. இத்தகைய பரிமாற்றச் சமச்சீர் உள்ள முடிவிலாத் தொடர் எதுவும், மறைந்திருக்கும் ஒரு சமவாய்ப்பு மாறியைச் சுண்டிவிட்டு அதன்பின் தனித்தனியாகச் சுண்டிய நாணயங்களின் கலவை என்கிறது டி ஃபினெட்டியின் தேற்றம். நிலைமாற்றத்துக்குக் கீழே அந்த மறைந்த மாறிக்கு இரண்டே மதிப்புகள், மீ = டான்எச்(பீ × மீ) என்ற சமன்பாட்டின் சுழியல்லாத தீர்வுகள். மேலே சொன்ன ஒற்றை நாணயம் மறுபடியும்.

மாறுநிலைப் புள்ளியில் (பீ = 1) மைய எல்லைத் தேற்றம் முறிகிறது. மொத்தக் காந்தமாக்கம் எண்ணிக்கையின் 1/2-ஆம் அடுக்காக அல்ல, 3/4-ஆம் அடுக்காக அலைகிறது. அதன் வடிவமும் மணி வளைவு அல்ல: எக்ஸ்ப்(−க்ஷ × க்ஷ × க்ஷ × க்ஷ/12), இங்கே க்ஷ என்பது அந்த அடுக்கால் வகுத்த காந்தமாக்கம். இங்கே திட்டவிலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பிழைக்கோடு போடுபவர்கள் தவறான கோடு போடுகிறார்கள்.

ஸ்பின் எந்தத் திசையிலும் சுழலலாம் என்றால்?

சுவர் தேவையில்லை என்பதால் கதையே மாறுகிறது. ஒரு புள்ளியில் ஸ்பின்னை 180 பாகை திருப்ப, தொலைவு ஆரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வரலாம். ஒவ்வோர் அண்டை இணைப்பிலும் கோண வேறுபாடு ஆரத்தின் தலைகீழ் அளவு. ஆற்றல் அதன் வர்க்கம். இணைப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த விலை, முப்பரிமாணத்தில் ஆரத்தோடு ஏறுகிறது. இரு பரிமாணத்தில் ஏறுவதில்லை; திருப்பத்தைச் சரியாகப் பங்கிட்டால் 1/மடக்கை(ஆரம்) என்று சுழியை நோக்கி இறங்குகிறது. திருப்புவது ஏறத்தாழ இலவசம் என்றால் திசை நிலைக்காது. மெர்மின், வாக்னர் 1966-இல் நிறுவியது இதைத்தான்: குறுகிய வீச்சு இடைவினையில், இரு பரிமாணத்தில், தொடர் சமச்சீர் (எந்தக் கோண அளவுக்கும் சுழற்றலாம் என்பது போன்றது) முறியாது. முப்பரிமாணத்தில் முறியும் என்று ஃப்ரோலிக், சைமன், ஸ்பென்சர் 1976-இல் நிறுவினார்கள்.

ஆனால் 'முறியாது' என்பதை 'நிலைமாற்றமே இல்லை' என்று படிக்கக்கூடாது. தளத்தில் சுழலும் ஸ்பின்களுக்கு (எக்ஸ்-ஒய் மாதிரி) பெரெசின்ஸ்கியும், 1973-இல் கோஸ்டர்லிட்ஸ், தூலஸ் இருவரும் காட்டிய சுழல் மாற்றம் உண்டு. சுழல் என்பது, ஒரு புள்ளியைச் சுற்றி வரும்போது ஸ்பின்களின் திசை ஒரு முழுச் சுற்று திரும்பும் இடம். ஒரு தனிச் சுழலின் ஆற்றல் பை × மடக்கை(பக்கம்), அதை வைக்கும் என்ட்ரோபி 2 × மடக்கை(பக்கம்). இரண்டும் சமமாகும் இடம் வெ = பை/2 = 1.57. மற்றச் சுழல் இணைகள் கட்டத்தை முன்கூட்டியே தளர்த்திவிடுவதால் சதுரக் கட்டத்தில் உண்மை மதிப்பு அதைவிட மிகக் கீழே, ஏறத்தாழ 0.893.

நடைமுறையில் இது ஏமாற்றும். மாற்றப் புள்ளியில் காந்தமாக்கம் பக்கத்தின் −1/8-ஆம் அடுக்காகத்தான் குறைகிறது. பக்கம் 1000 ஆனாலும் அந்தக் காரணி 0.42. வரைபடத்தில் பார்த்தால் காந்தம் போலவே இருக்கும். காந்தமாக்கத்தை விட்டுவிட்டு விறைப்புத்தன்மையை (ஸ்பின்களின் திசையை முறுக்குவதற்கு உள்ள எதிர்ப்பு) அளவிடுங்கள். அது மாற்றத்தில் 2 × வெ/பை என்ற மதிப்பிலிருந்து சுழிக்குத் தாவும்.

மெட்ரோபாலிஸ் நிரலை எப்படி எழுதுவது, சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1953-இல் வெளியான முறை இன்றும் முதல் நிரலுக்கு ஏற்றது. ஒரு புள்ளியைச் சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுங்கள். நான்கு அண்டை ஸ்பின்களைக் கூட்டி, அந்தப் புள்ளியின் ஸ்பின்னாலும் 2-ஆலும் பெருக்கினால் புரட்டுவதற்கான ஆற்றல் மாற்றம். அது −8, −4, 0, 4, 8 என ஐந்தே மதிப்புகளில் ஒன்று. சுழியோ அதற்குக் கீழோ என்றால் புரட்டுங்கள். இல்லையென்றால் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, அது எக்ஸ்ப்(−பீ × மாற்றம்)-ஐவிடச் சிறியதானால் மட்டும் புரட்டுங்கள். அடுக்குக்குறிச் சார்பை ஒவ்வொரு முறையும் கணக்கிடாதீர்கள். இரண்டு எண்களை முன்பே கணக்கிட்டு வைத்தால் போதும். மாறுநிலையில் அவை 0.1716, 0.0294.

புரட்டாவிட்டாலும் அந்தப் படி ஒரு படிதான், பழைய கோலத்தை மீண்டும் ஒருமுறை சராசரியில் சேர்க்க வேண்டும். நிராகரித்த படிகளைக் கணக்கில் விடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. வெப்பநிலை தானாக ஏறிவிட்டதுபோல் விடை வரும்.

சோதனைக்கு 2 × 2 கட்டத்தைச் சுழல் எல்லையோடு ஓட்டுங்கள். மொத்தம் 16 கோலங்கள்தான்: ஆற்றல் −8 உள்ளவை 2, சுழி உள்ளவை 12, +8 உள்ளவை 2. வெ = 1-இல் ஒரு ஸ்பின்னுக்குச் சராசரி ஆற்றல் −1.9960, காந்தமாக்கத்தின் எண்ணளவு 0.9987. இந்த இரண்டும் வராவிட்டால் 64 × 64-க்குப் போகவே கூடாது.

எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் இணையாகப் புரட்டக்கூடாது. அண்டைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஒரே சமயத்தில் மாறினால், நீங்கள் கணக்கிட்ட ஆற்றல் மாற்றம் உண்மையல்ல, பரவலே வேறாகிவிடும். கறுப்பு-வெள்ளைச் சதுரங்கக் கட்டமாகப் பிரித்து, முதலில் கறுப்பு முழுவதும், பிறகு வெள்ளை முழுவதும் என்று செய்யலாம். அப்போது பக்கம் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழல் எல்லையில் கறுப்பும் கறுப்பும் அண்டையாகிவிடும்.

காந்தமாக்கம் சில ஓட்டங்களில் +0.9, சிலவற்றில் −0.9, சிலவற்றில் சுழி. எது சரி?

முதல் இரண்டும் இரண்டு முகடுகள். சுழி வந்தால் கோலத்தைப் படமாக வரைந்து பாருங்கள். பெரும்பாலும் கட்டத்தைச் சுற்றி வளைத்த இரண்டு பட்டைகள் தெரியும், ஒன்று +, ஒன்று −. சமவாய்ப்புக் கோலத்திலிருந்து திடீரென மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்கு இறக்கினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்கள் இப்படிப் பட்டையில் சிக்கிக்கொள்ளும். நேரான சுவருக்கு நகர எந்தத் தூண்டுதலும் இல்லை. எல்லா ஸ்பின்களும் + என்று தொடங்குங்கள், அல்லது மேலிருந்து மெல்ல மெல்லக் குளிர்வியுங்கள்.

அளவிட வேண்டியது காந்தமாக்கத்தின் எண்ணளவு அல்லது வர்க்கம். ஆனால் எண்ணளவு உயர் வெப்பநிலையிலும் சுழியாகாது. முற்றிலும் தொடர்பற்ற 100 ஸ்பின்களுக்குக்கூட அது √(2/(பை × 100)) = 0.08. அந்த மிச்சத்தைக் காந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். கட்டத்தின் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் பாதியாகிறதா என்று பாருங்கள்.

மாறுநிலைக்கு அருகே விடைகள் நிலைபெறவே மாட்டேன் என்கின்றனவே?

அங்கே கோலம் பழையதை மறக்க எடுக்கும் நேரம், பக்கத்தின் ஏறத்தாழ 2.17-ஆம் அடுக்காக வளர்கிறது. பக்கத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் 4.5 மடங்கு; ஸ்பின்களும் 4 மடங்கு; ஆகக் கணினி வேலை 18 மடங்கு. பிழையை மதிப்பிடும்போது அளவீடுகளின் எண்ணிக்கையை அப்படியே எடுக்காமல் மறதி நேரத்தின் இரு மடங்கால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் அளவீடு, மறதி நேரம் 500 என்றால் உங்களிடம் உண்மையில் இருப்பது 100 தனி அளவீடுகள்.

தீர்வு, மேலே சொன்ன கொத்துச் சித்திரத்தையே நிரலாக்குவது. ஸ்வெண்ட்சென், வாங் 1987-இல் அதைச் செய்தார்கள். வோல்ஃப் 1989-இல் எளிதாக்கினார். ஒரு புள்ளியில் தொடங்கி, ஒத்த அண்டைகளை 1 − எக்ஸ்ப்(−2பீ) நிகழ்தகவோடு சேர்த்துக்கொண்டே போய், கொத்து வளர்ந்து நின்றதும் முழுவதையும் புரட்டுங்கள். மாறுநிலையில் அந்த நிகழ்தகவு 2 − √2 = 0.586. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரே ஒரு வாய்ப்புதான். ஒருமுறை நிராகரித்த அண்டையை வேறோர் இணைப்பு வழியாக மறுபடி சோதிக்கலாம். அதே இணைப்பை இன்னொரு முறை சோதிக்கக்கூடாது. சோதனை எளிது: கொத்துகளின் சராசரி அளவைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் காந்தமாக்க வர்க்கத்தின் சராசரி வர வேண்டும்.

சமவாய்ப்பு எண் உருவாக்கியிலும் கவனம் வேண்டும். அதுவரை நல்லது என்று கருதப்பட்ட சில உருவாக்கிகள் வோல்ஃப் முறையில் தவறான விடை தருவதை ஃபெரன்பர்க், லாண்டாவ், வோங் மூவரும் 1992-இல் காட்டினார்கள்.

என் தரவிலிருந்து மாறுநிலை வெப்பநிலையைத் துல்லியமாக எடுப்பது எப்படி?

பின்டர் விகிதம்: 1-இலிருந்து, காந்தமாக்கத்தின் நான்காம் அடுக்குச் சராசரியை வர்க்கச் சராசரியின் வர்க்கத்தின் மூன்று மடங்கால் வகுத்து வருவதைக் கழியுங்கள். உயர் வெப்பநிலையில் பரவல் மணி வளைவு என்பதால் இது சுழியை நெருங்கும். தாழ் வெப்பநிலையில் இரண்டு கூர்முகடுகள், 2/3. பக்கம் 16, 32, 64 என மூன்று வளைவுகளை வரைந்தால் மாறுநிலைக்கு மிக அருகே வெட்டிக்கொள்ளும். சுழல் எல்லை கொண்ட சதுரத்தில் வெட்டும் உயரம் ஏறத்தாழ 0.611. செவ்வகக் கட்டமோ திறந்த எல்லையோ என்றால் இந்த உயரம் மாறும், வெட்டும் வெப்பநிலை மாறாது.

துகள்கள் நகர்ந்தால்? விலக்கு நிகழ்முறையில் சமச்சீர் என்ன செய்கிறது?

ஒரு புள்ளியில் ஒரு துகள்தான். பக்கத்துப் புள்ளி காலியானால் தாவலாம். 1970-இல் ஸ்பிட்சர் முன்வைத்த மாதிரி. இடமும் வலமும் சம வாய்ப்பு என்றால் ஓர் அதிசயம் நடக்கிறது: ஒவ்வொரு புள்ளியிலும் சராசரி அடர்த்தி, தனியாக நடக்கும் ஒற்றைத் துகளின் சமன்பாட்டையே அப்படியே பின்பற்றுகிறது. இடைவினை அந்தச் சமன்பாட்டிலிருந்து காணாமல் போகிறது. இரண்டு புள்ளி ஒட்டுறவுக்கு இரண்டு துகள்கள் போதும், மூன்றுக்கு மூன்று. குவாண்டம் ஸ்பின் சங்கிலியின் சுழற்சிச் சமச்சீர் இதற்குள் ஒளிந்திருப்பதுதான் காரணம்.

வலப்பக்கம் மட்டுமே தாவலாம் என்று மாற்றினால் அது போய்விடும். தொடக்கத்தில் இடப்பாதி நிறைந்தும் வலப்பாதி காலியாகவும் இருந்தால், நடுவைக் கடக்கும் துகள் எண்ணிக்கையின் அலைவு சமச்சீர் மாதிரியில் நேரத்தின் 1/4-ஆம் அடுக்கு, இங்கே 1/3-ஆம் அடுக்கு. பரவலும் மணி வளைவு அல்ல. யோஹான்சன் 2000-இல் அதை நிறுவினார்.

நிரலில் இங்கேயும் இணைப் புதுப்பிப்புதான் பொறி. வளையத்தில் பாதி நிரம்பிய ஒருதிசை மாதிரியில், ஒவ்வொரு துகளாகச் சமவாய்ப்பில் நகர்த்தினால் ஓட்டம் (ஓரிடத்தை ஓர் அலகு நேரத்தில் கடக்கும் துகள்கள்) 0.25. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் 0.5. இரண்டும் வேறு மாதிரிகள். முதலாவதைச் சோதிக்க 10 புள்ளி, 5 துகள் வளையம்: ஓட்டம் 25/90 = 0.278 வர வேண்டும்.

வாயுவின் கோலங்களை எண்ணும்போது துகள் எண்ணிக்கையின் தொடர்பெருக்கத்தால் (1 × 2 × 3 × … × எண்ணிக்கை) வகுப்பது ஏன்?

ஒத்த துகள்களை இடம் மாற்றினால் புதிய கோலம் இல்லை என்பதால். வகுக்காவிட்டால் ஒரே வாயுவின் இரண்டு பாதிகளுக்கு நடுவே தடுப்பை எடுத்தவுடன் என்ட்ரோபி எண்ணிக்கை × மடக்கை 2 அளவு ஏறும், மறுபடி தடுப்பை வைத்தால் இறங்கும். வகுத்தபின் மிஞ்சுவது மடக்கை(எண்ணிக்கை) அளவிலான சிறு திருத்தம் மட்டுமே.

படிகமும் திரவமும்கூட இப்படித்தானா? நிறுவப்பட்டிருக்கிறதா?

படிகத்தில் முறிவது இடப்பெயர்ச்சிச் சமச்சீர். ஒன்றையொன்று ஊடுருவாத கடினக் கோளங்கள்கூட, ஈர்ப்பு எதுவும் இல்லாமலேயே, கன அளவில் 0.494 பங்கு நிரம்பியதும் உறையத் தொடங்கும்; 0.545-இல் முழுவதும் படிகம். ஒழுங்காக அடுக்கினால் ஒவ்வொரு கோளத்துக்கும் அசைய இடம் கூடுகிறது, ஆகவே என்ட்ரோபியே ஒழுங்கைக் கேட்கிறது.

கணினியில் ஓட்டும்போது இரண்டைக் கவனியுங்கள். சுழல் எல்லைப் பெட்டியில் படிகம் முழுவதும் மெல்ல மிதந்து நகரும். நீண்ட சராசரியில் அடர்த்தி எங்கும் ஒன்றாகத் தெரியும். ஐசிங் மாதிரியில் சராசரிக் காந்தமாக்கம் சுழியானது போன்றதே இது. நிறைமையத்தைக் கழித்துவிட்டுச் சராசரி எடுங்கள். அடுத்து, முகமையக் கனசதுரப் படிகம் கனசதுரப் பெட்டியில் சிதையாமல் பொருந்த துகள் எண்ணிக்கை 4 × (முழு எண்ணின் கனம்) ஆக வேண்டும்: 108, 256, 500, 864. 300 துகள்களை வைத்தால் குறைபாடுகளோடுதான் உறையும், அழுத்தம் தவறாக வரும்.

நிறுவல் பக்கம் நிலைமை கடினம். விடோம், ரோலின்சன் 1970-இல் தந்த இரு வகைத் துகள் மாதிரியில் வேறு வகைத் துகள்கள் மட்டுமே ஒன்றையொன்று விலக்கும். கட்டம் இல்லாத தொடர் வெளியில் அதற்கு நிலைமாற்றம் உண்டு என்று ரூயெல் 1971-இல் நிறுவினார்; இரு வகைகளையும் மாற்றிக்கொள்ளும் சமச்சீர் இருப்பதால் பையர்ல்ஸ் வாதம் அங்கே செல்லுபடியாகிறது. திரவத்துக்கும் ஆவிக்கும் இடையே அப்படிப்பட்ட சமச்சீர் இல்லை. லெபோவிட்ஸ், மாசெல், பிரெசுட்டி மூவரும் 1999-இல், நீண்ட வீச்சுள்ள இரு துகள் ஈர்ப்பும் நான்கு துகள் விலக்கமும் கொண்ட மாதிரிக்கு அதை நிறுவினார்கள். முப்பரிமாணக் கடினக் கோளங்கள் உண்மையிலேயே படிகமாகும் என்பதற்குக் கணித நிறுவல் இன்றுவரை இல்லை.